மேலே சறுக்கு மரம் சரி, கீழே என்ன?

வந்த கடிதத்தின் சுருக்கம்:

"காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாலு வருடத்துக்கு முன்னால் ஊரணிக்கரையில் ஒரு சிறுவர் பூங்கா வந்தது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன், ஏழு வயது, சறுக்கு மரத்தின் உச்சியிலிருந்து நழுவிப் பேவர் பிளாக் தரையில் விழுந்துவிட்டான். முழங்கை முறிந்து மதுரையில் கம்பி வைத்து ஆபரேஷன். மறுநாளே பூங்காக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது ஊரணிப் படித்துறையில் விளையாடுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், 'இரண்டு லட்சம் தருகிறேன், பழையதைப் பிடுங்கிப் போட்டுப் புதிதாக வாங்குங்கள்' என்கிறார். என் தம்பியோ, 'நாமெல்லாம் ஆலமரத்திலிருந்து விழுந்து எழுந்துதானே வளர்ந்தோம், இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்கிறான். கமிட்டியில் நான் என்ன சொல்லட்டும்? சறுக்கு மரம் ஆறடி உயரம். மேடையில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருக்கிறது. எல்லோரும் கூப்பிடுவதுபோல் நீங்களும் என்னை ஆச்சி என்றே எழுதலாம்."

ஆச்சி, வணக்கம்.

முதல் வேலையாகப் பூங்காவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். சறுக்கு மரத்தின் படிக்கட்டை மட்டும் ஒரு பலகை வைத்து ஆணியடித்து அடைத்துவிட்டு, மற்றதைத் திறந்துவிடலாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது உடைந்த கை இல்லை, அந்தப் படித்துறைதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். பாசி பிடித்த படியில் வழுக்கி ஊரணிக்குள் போன பிள்ளைக்குச் சில நிமிஷம்தான் இருக்கிறது. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையைக் காலை அடித்துக்கொண்டு கத்தாது, பெரும்பாலும் சத்தமே வராது. ஒரு ஆபத்தைப் பூட்டிவிட்டு அதைவிடப் பெரிய ஆபத்தின் பக்கம் பிள்ளைகளைத் தள்ளியிருக்கிறோம். பூட்டியவர்களைக் குறை சொல்லவில்லை, பயத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

பூங்காவுக்கும் ஊரணிக்கும் நடுவே வேலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அந்த இரண்டு லட்சத்தில் முதல் செலவு அதுதான். நாலடிக்குக் குறையாத உயரம், நெட்டுக்குத்தலான கம்பிகள், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மூன்றரை அங்குலத்துக்குக் குறைவான இடைவெளி, தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. குறுக்குக் கம்பி வைத்த வேலி வேண்டாம். பிள்ளைகளுக்கு அது ஏணி.

இனி உங்கள் தம்பி விஷயம். அவர் சொல்வது பாதி சரி. அவர் பக்கம் பேச நான் ஒரு சாட்சியும் தருகிறேன். ஐரோப்பாவில் விளையாட்டுத்திடல் கருவிகளுக்கென்று ஈ.என். 1176 என்ற தரநிலை இருக்கிறது. விளையாட்டுத்திடல்களை ஆய்வு செய்கிற எங்கள் தொழிலில் பலரும் அதைத்தான் கையில் வைத்துக்கொள்வோம். விளையாட்டில் சிராய்ப்பும் வீக்கமும் வரும், எப்போதாவது கை கால் முறியவும் செய்யும், பிள்ளை ஆபத்தைச் சமாளிக்கப் பழக அதுவும் வேண்டியிருக்கிறது என்ற கருத்து அந்தத் தரநிலையின் முன்னுரையிலேயே இருக்கிறது. உயிர் போவதையும் ஆயுசுக்கும் ஊனம் ஆவதையும் தடுப்பதுதான் அதன் முதல் நோக்கம்.

ஆனால் ஆலமரத்தையும் சறுக்கு மரத்தையும் அவர் ஒன்றாகப் பேசுகிறாரே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஆலமரத்தில் ஆறடி ஏற ஒரு பையனுக்குக் கைப்பலம் வேண்டும், கால் வைக்க இடம் தேடத் தெரிய வேண்டும். அது இல்லாத பையன் மூன்றடியிலேயே நின்றுவிடுவான். மரமே பிள்ளையைச் சல்லடைபோல் சலித்துவிடுகிறது. சறுக்கு மரத்தின் படிக்கட்டு யாரையும் சலிப்பதில்லை. மூன்று வயதுக் குழந்தையையும் ஆறடி உயரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அப்புறம், ஆலமரத்தடியில் என்ன கிடந்தது? பல வருடத்துச் சருகும் பொலபொலவென்ற மண்ணும். உங்கள் ஊரணிக்கரையில் கிடப்பது பேவர் பிளாக்.

ஆக, பிரச்சினை கருவியில் இல்லை, தரையில் இருக்கிறது. விளையாட்டுத்திடலில் படுகிற காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருவதுதான். ஆறடியிலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சைக்கிளை விரட்டி மிதித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதுகிற வேகம் அது. அந்த வேகத்தைத் தரை எவ்வளவு தூரத்தில் தணிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிமெண்ட் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்காது. மணல் சில அங்குலம் விட்டுக்கொடுக்கும்.

கமிட்டிக் கூட்டங்களில் வரைபடம் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் நான் இரண்டு உரித்த தேங்காய் எடுத்துக்கொண்டு போவேன். போன வருடம் ஒரு ஊரில் சறுக்கு மேடை உயரத்திலிருந்து ஒன்றைப் பேவர் பிளாக் மேல் விட்டேன். இரண்டாவது தடவை ஓடு கீறித் தண்ணீர் கசிந்தது. இன்னொன்றை ஒரு அடி ஆழ மணலில் ஐந்தாறு தடவை விட்டேன், பொத்தென்று உட்கார்ந்தது. பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து தேங்காயைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அவர்தான் மணலுக்குப் பணம் கொடுத்தார். இது விஞ்ஞானச் சோதனை இல்லை, சொல்லிவிடுகிறேன். முறையான சோதனையில் தலையைப் போன்ற ஒரு கனமான உருண்டைக்குள் கருவி வைத்து, வெவ்வேறு உயரத்திலிருந்து போடுவார்கள். தலைக்கு எவ்வளவு அடி என்பதை ஹெச்.ஐ.சி. என்ற எண்ணால் அளப்பார்கள். அது 1000-ஐத் தொடுகிற உயரம்தான் அந்தத் தரை தாங்கும் எல்லை.

நல்ல புல்தரை ஒரு மீட்டர் உயரம்வரை போதும் என்று ஐரோப்பியத் தரநிலை ஏற்கிறது. ஈரமான, பச்சைப்பசேல் புல்லை நினைத்து எழுதியது. நம் பக்கத்துச் செம்மண் சரளை சித்திரை வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும், அதன்மேல் நாலு அருகம்புல் இருப்பதைப் புல்தரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது மணல். கணக்கையும் போட்டுவிடுவோம். சறுக்கு மரம் நீளத்தில் பதினைந்தடி, அகலத்தில் இரண்டடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஆறடி விட வேண்டும். அப்படியானால் 27-க்கு 14, மொத்தம் 378 சதுர அடி. ஆறடி உயரத்துக்கு 20 சென்டிமீட்டர் மணல் வேண்டும், கால் பட்டு ஒதுங்குகிற கணக்குக்கு மேலே 10. ஆக ஒரு அடி ஆழம். 378 கன அடி, யூனிட்டுக்கு நூறு கன அடி என்ற கணக்கில் நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு லட்சத்துக்குள் இது அடங்கிவிடும்.

என்ன மணல் என்பது முக்கியம். மணி 0.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள், களிமண்ணோ தூளோ இல்லாமல், கழுவிச் சலித்ததாக இருக்க வேண்டும். கையில் அள்ளிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கக் கூடாது, உதிர வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் கொட்டிவிடாதீர்கள். அதன் மணி கோணல்மாணலாக இருக்கும், தூளும் அதிகம். இரண்டு மழை நனைந்து காய்ந்தால் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். கான்கிரீட்டுக்கு அதுதான் நல்ல குணம், பிள்ளைகளுக்கு அதுவே கெட்ட குணம்.

பேவர் பிளாக் மேலேயே மணலைக் கொட்டிப் பரப்பிவிடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார். கூடாது. ஒதுங்குகிற மணலுக்குக் கீழே கல் வெளியே வந்துவிடும். கல்லைப் பெயர்த்து, தோண்டி, ஓரத்துக்கு வரம்பு கட்டி நிரப்புங்கள். தோண்டும்போது சறுக்கு மரத்துக் காலின் கான்கிரீட் தெரியும். அதன் தலை மணல் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் கொத்தி இறக்கிவிட்டுத்தான் மணல். குழியின் அடியில் ஒரு பக்கமாக வாட்டம் வைத்து, சல்லி போட்டு, ஒரு ஓட்டைக் குழாய் பதித்துத் தண்ணீருக்கு வழி விடுங்கள். சரளைப் பூமியில் தோண்டிய குழி ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு ஊரணி ஆகிவிடும். வரத்துக்கால் வெட்டி ஊரணி நிரப்பிய ஊர்க்காரர்களுக்கு வாட்டத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துத் திடலை ஆய்வு செய்யப் போனபோது மணலுக்குள் கம்பியைக் குத்தி ஆழம் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு இடம், இரண்டிலும் முழு ஒரு அடி. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு பெண்குழந்தை சறுக்கின் வாயில், அதாவது சறுக்கி வந்து இறங்குகிற இடத்தில், விழுந்து முன்பல் போய்விட்டது. அந்த இடத்தில் மணல் மூன்று விரற்கடைதான் இருந்தது. நூறு பிள்ளைகளின் குதிகால் தினமும் தள்ளுவது அங்கேதான், ஊஞ்சலுக்கு அடியிலும் அப்படித்தான். குழி விழுகிற இடத்தில் அளக்காமல் மேடான இடத்தில் அளந்திருக்கிறேன். அதற்கப்புறம் சறுக்கின் வாயில் முட்டி போடாமல் எந்த ஆய்வையும் முடிப்பதில்லை.

நாய், பூனை மணலை அசிங்கம் செய்யும், தேள் வரும் என்பதும் நிஜம்தான். காலையில் ஒருவர் வாரியால் கிளறி நிரவினால் அசிங்கம், கண்ணாடிச் சில்லு, சீமைக் கருவேல முள் எல்லாம் கண்ணில் படும். மணலும் இளகும்.

ரப்பர் டைல் அழகாகத்தான் இருக்கும், நாய்த் தொல்லையும் இல்லை. ஆனால் கடைக்காரரிடம், "எந்த உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும்?" என்று கேட்டுச் சோதனைச் சான்று வாங்குங்கள். ஒரு அங்குல டைல் ஆறடிக்குத் தாங்காது. சிமெண்ட் தளத்தின்மேல் ஒட்டிய செயற்கைப் புல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம், பச்சைப் பெயிண்ட் அடித்த சிமெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் கால் வைக்கவும் முடியாது.

அடுத்து, என்னைப் பொறுத்தவரை விழுவதைவிட மோசமான ஒன்று. உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். பயந்து, பிடித்துக்கொண்டு ஏறும். கம்பி இடுக்கு அப்படித் தெரியாது. கால் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பு வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கால் தரையில் எட்டாத உயரத்தில் அது தூக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைவிடத் தலைதானே பெரிது. அதனால் 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் நடுவில் எந்த இடைவெளியும் இருக்கக் கூடாது என்பது விதி. உடம்பே நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும், இல்லையென்றால் தலையும் தாராளமாகப் போய் வரும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

இதைப் பார்க்கப் பொறியாளர் வேண்டாம், உங்கள் ஊர் ஆசாரி போதும். பிளைவுட்டில் 89-க்கு 157 மில்லிமீட்டர் அளவில் ஒரு செவ்வகத் துண்டு, 230 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டத் துண்டு வெட்டச் சொல்லுங்கள். மேடையின் கம்பி, படிக்கட்டின் இடுக்கு, ஏணி, சுற்றுச்சுவர்க் கிராதி எல்லா இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். செவ்வகம் நுழைந்து வட்டம் நுழையவில்லை என்றால் அது பொறி. செவ்வகம் நுழையாத அளவுக்கு நடுவே கம்பி வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. நான் இந்த இரண்டு துண்டையும் பைக் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். திருமண மண்டப மாடிப்படியில்கூட நுழைத்துப் பார்ப்பேன், வீட்டில் அதற்கு ஏச்சு வாங்குகிறேன்.

கழுத்துக் கயிறும் இதே வகைதான். பள்ளி விட்டதும் நேராகப் பூங்காவுக்கு ஓடி வரும் பிள்ளை கழுத்தில் ஐடி கார்டு தொங்கும், பெரிய பெண்கள் துப்பட்டா போட்டிருப்பார்கள். சறுக்கின் தலைப்பில், தகடும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு சந்து இருக்கும் பாருங்கள், அதில் கயிறு சிக்கினால் உடம்பு கீழே இழுக்கும், கழுத்து மேலே நிற்கும். அந்த இடுக்கை மூடிவிடுங்கள். நுழைவாயிலில் பத்து ஆணி அடித்த பலகை ஒன்று மாட்டி, கயிறையும் துப்பட்டாவையும் கழற்றி மாட்டிவிட்டு விளையாடு என்று எழுதி வையுங்கள். விதிகள் பத்துப் பதினைந்து எழுதிய போர்டை யாரும் படிப்பதில்லை, இந்த ஒன்று போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சல் இருந்தால் ஒரு சட்டத்துக்கு இரண்டு பலகைக்கு மேல் வேண்டாம், இரும்பிலோ மரத்திலோ பலகை இருந்தால் ரப்பருக்கு மாற்றுங்கள், கொக்கியின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும். பூங்கா விளக்குக் கம்பத்தில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் பெட்டி திறந்து கிடந்தால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்கு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். வேலியோரம் அழகுக்கு அரளி வைத்திருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், இலையிலிருந்து விதைவரை அத்தனையும் விஷம். தென்னை இருந்தால் அதன் கீழே எந்தக் கருவியும் வேண்டாம். பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளை இந்தத் திடலிலேயே போட்டிருந்தால் தனியாகத் தள்ளி வையுங்கள். அவை 140 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவர்களுக்காகச் செய்தவை, சின்ன விரல்கள் அதில் நசுங்கும்.

வெயில் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. உலோகச் சறுக்கை வடக்குப் பார்த்து வையுங்கள், சூடாகாது என்று வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும், நம் ஒப்பந்தக்காரர்களும் அதை அப்படியே சொல்வார்கள். அது சூரியன் எப்போதும் தெற்கே நிற்கிற ஊர்களுக்கு. காரைக்குடி 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கே வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. அதனால் கோடை விடுமுறையில் வடக்கு நமக்குத் துணை வராது. மேற்கைப் பார்க்காமல் வைத்தால் போதும், சாயங்காலம் நாலு மணி வெயில்தான் சறுக்குத் தகட்டில் படுத்து எரிக்கும். மேலே ஒரு புங்கை நிழல் இருந்தால் திசையைப் பற்றிக் கவலையே இல்லை. பிள்ளையை ஏற்றுமுன் பெரியவர் ஒருவர் புறங்கையைத் தகட்டில் ஐந்து விநாடி வைத்துப் பார்க்கட்டும், வைக்க முடியவில்லை என்றால் பொழுது சாயட்டும்.

சிங்கப்பூர்க்காரர் மனசு நோகாமல் சொல்ல வேண்டும், எனக்குப் புரிகிறது. சறுக்கு மரத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம், மணலில் மாட்ட முடியாதே. வேலியின் கதவில் மாட்டிக் கொடுங்கள். மீதிப் பணத்தை வங்கியில் போட்டு, வருடா வருடம் மணல் நிரப்பவும் துருப்பிடித்த நட்டு போல்ட்டு மாற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பூங்காக்கள் பலவற்றில் திறப்பு விழாவுக்குப் பணம் இருந்தது, இரண்டாம் வருடத்துக்கு இல்லை. கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. காலையில் மணலைக் கிளறுகிறவர் கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதட்டும், எழுத வராவிட்டால் ஒரு பிள்ளையை விட்டு எழுதச் சொல்லட்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெல்டரோ மெக்கானிக்கோ வந்து ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டிப் பார்க்கட்டும். கால் தரையைத் தொடும் இடத்தைச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள், துரு உள்ளே தின்பது அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து முழுசாகப் பார்க்க வேண்டும், உள்ளூர்க் கண்ணுக்குப் பழகிப்போன குறை தெரியாது.

பையனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களே, அது பெரிய விஷயம். அடுத்த முறை யாராவது விழுந்தாலும் அதையே செய்யச் சொல்லுங்கள். முழங்கை வீங்கிய பிள்ளைக்கு எண்ணெய் போட்டு நீவுவதும் மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டுவதும் ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கையையே முடக்கிவிடலாம். கையை இருந்த நிலையிலேயே ஒரு துண்டால் தாங்கிப் பிடித்து, விரல் வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டியதுதான். தலையில் அடிபட்டு வாந்தியோ அசாத்தியத் தூக்கமோ வந்தால் காத்திருக்கவே கூடாது.

கடைசியாக அந்தக் கைப்பிடிக் கம்பி. ஒரு ஜாண் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது அங்குல ஜாண் என்றால் 229 மில்லிமீட்டர், அபாய எல்லையின் விளிம்பில் நிற்கிறது. உங்கள் கை ஜாண் என்றால் ஏழு அங்குலம்தான் இருக்கும், அப்படியானால் அது அசல் பொறி. டேப் வைத்து அளந்து எழுதுங்கள் ஆச்சி. எழுதும்வரை படிக்கட்டில் அடித்த பலகையை எடுக்க வேண்டாம்.